படித்துக் காட்டியவர்: கணவர்

1

போன மாதம் என் மகள் என்னை ஒரு வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். உடனே நெல்லியாளம் பக்கம் இருக்கிற என் பழைய கூட்டாளிகள் "பாலு மாட்டிக்கிட்டான்டா" என்று சந்தோஷப்பட வேண்டாம். மாட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி அல்ல.

நான் இருப்பது கென்யாவில், ஒரு மலையில். சுற்றிலும் தேயிலை. இருபது வருஷத்துக்கு மேலாக வெளிநாட்டில் இருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, ஜன்னலைத் திறந்தால் தெரிவது நம் நீலகிரிப் பந்தலூர்தான். காலையில் அதே பனி, மத்தியானம் அதே மழை. குரங்குகூட அதே திருட்டு முழி முழிக்கிறது. யானை விஷயத்தில் மட்டும் நம் ஊர் ஒரு படி மேல். இங்கே யானையைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும். ஊரில் அதுவாகவே வந்து கதவைத் தட்டும்.

நான் தேயிலை பேக்டரியில் பிட்டர். பச்சைக் கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற மெஷினில் பல் வைத்த ரோலர்கள் இருக்கும். ஓட ஓடப் பல் மழுங்கிப் போகும். அதைக் கழற்றித் திரும்பப் பல் வெட்டி மாட்டுவது என் வேலை. அதாவது பல் டாக்டர். படிப்பு நாலாங்கிளாஸ். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் என் பெயரைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியாது.

மகள் சசி நர்ஸ். இந்த நாட்டுக்காரரையே கட்டிக்கொண்டாள். மருமகன் டேனியல் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார், நல்ல மனிதர். பேரன் ஜோயலுக்கு ஏழு வயது. சசிக்குக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் பயிற்சி என்று வந்தது. பள்ளிக்கூட லீவு, டேனியல் ரோட்டில் இருப்பார், என்னை நம்பிப் பையனை விட அவள் தயாராக இல்லை. எனவே பையனையும் கூட்டிப் போவது என்று முடிவு.

"கோயம்புத்தூர் வரைக்கும் போற. அப்படியே மேல ஏறினா நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம்தான்," என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"மேல யாரு இருக்கா?" என்றாள் சசி.

மேலே அவள் அம்மா இருக்கிறாள். பாக்கியம். என் பெண்டாட்டி. அதே எஸ்டேட்டில், அதே வீட்டில். சசி அவளைக் கடைசியாகப் பார்த்தது ஏழு வயதில்.

"என்னை வேணாம்னு எழுதிக் குடுத்தவங்களை நான் எதுக்குப் பாக்கணும்?" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. என்னிடம் அவள் தமிழ் பேசுவதே சாப்பாட்டுக்கும் சண்டைக்கும்தான். அன்றைக்குச் சாப்பாடு ஆகியிருந்தது.

தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போனால், கூடப் போகாத மற்றவர் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். பிள்ளை யார், எங்கே போகிறது, யாரோடு போகிறது, எந்தத் தேதியில் திரும்பும் என்று அதில் இருக்க வேண்டும். ஏர்போர்ட்டில் சில நாள் கேட்பார்கள், சில நாள் கேட்கமாட்டார்கள். கேட்காத நாளில் போய்ச் சேருகிற அதிர்ஷ்டம் எங்கள் குடும்பத்துக்குக் கிடையாது. அதனால் டேனியல் சம்மதம் கொடுக்க, நான் சாட்சிக்கு நிற்க, எல்லோரும் வக்கீல் ஆபீசுக்குப் போனோம்.

வக்கீல் ஒரு பெரிய உடம்புக்கார அம்மாள். டேனியல் பேனாவை எடுத்ததும், "கீழே வையுங்கள்," என்றார். "முதலில் நான் படிப்பேன். பிறகு கேள்வி கேட்பேன். அதற்கப்புறம்தான் கையெழுத்து."

"எனக்குப் படிக்கத் தெரியும்," என்று சிரித்தார் டேனியல்.

"தெரிந்தவர்களுக்கும் படித்துக் காட்டுவேன்," என்று முழுவதையும் இங்கிலீஷில் ஒரு தரம், அவர்கள் பாஷையில் ஒரு தரம் படித்தார். பிறகு, "உங்கள் மகன் எந்தத் தேதியில் திரும்பி வருகிறான்?" என்று கேட்டார். டேனியல் ஒரு நாள் தள்ளிச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சசி வேடிக்கை பார்க்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அம்மாக்கு யாரு இப்படிப் படிச்சுக் காட்டினது?"

பதினெட்டு வருஷமாக அவள் வாயில் வராத 'அம்மா' அது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

2

பச்சைத் தேயிலை விலை விழுந்த வருஷங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டார்கள். செடி மரமாகி நின்றது. எங்கள் எஸ்டேட் பேக்டரியில் சங்கு வாரத்துக்கு மூன்று நாள் ஊதியது. பிறகு ரெண்டு நாள். பிறகு ஊதுகிறவருக்கே வேலை போய்விட்டது.

நாங்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்த ஆட்கள். தோட்டத்து வரிசை வீட்டுக்கு லயம் என்றும், வேலைக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகிற அறைக்குப் பிள்ளைக்காம்பரா என்றும் அங்கே சொன்ன மாதிரியே நீலகிரியிலும் சொல்வோம். சசி பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும், சாயங்காலம் நேராக அங்கே ஓடுவாள். வாரத்தில் ரெண்டு நாள் அவித்த முட்டை தருவார்கள். ஆயம்மா மிச்சம் இருந்தால் இவளுக்கும் ஒன்று தருவாள். தேயிலை விழுந்ததும் எஸ்டேட்டில் முதலில் நிறுத்தியது அந்த முட்டையைத்தான். துரை பங்களாவில் ரோஜாச் செடிக்கு உரம் நிற்கவில்லை.

அப்போதுதான் எங்கள் பழைய டீ மேக்கரிடமிருந்து கடுதாசி வந்தது. பேக்டரியில் தூளின் பதம் பார்க்கிற ஆபீசர் அவர். எல்லோருக்கும் முன்னாலேயே கென்யாவுக்குத் தப்பித்துப் போனவர். ரோலருக்குப் பல் வெட்ட ஆள் வேண்டும், ரெண்டு வருஷ ஒப்பந்தம், வீடு உண்டு, பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே பள்ளிக்கூடம் உண்டு, கூட ஒருவரை அழைத்து வர டிக்கெட் தருவார்கள் என்று எழுதியிருந்தார்.

"நீ வா," என்றேன் பாக்கியத்திடம். "புள்ளையை உன் தங்கச்சிகிட்ட விடலாம்."

"நான் வந்தா லயம்?"

அதுதான் கேள்வி. வேலைப் பட்டியலில் குடும்பத்தில் ஒருத்தர் பெயராவது இருக்கிற வரைக்கும்தான் லயம் நமக்கு.

"ரெண்டு பேரும் பேரை வெட்டிக்கிட்டா மறுநாளே பூட்டுப் போட்டுருவாங்க. திரும்பி வந்து எங்க இருக்குறது? உங்க மெஷினுக்கு அடியிலயா?"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இருங்க. நான் மட்டும் போயிட்டு வர்றேன்."

சசி அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாக்கியம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவ மொழங்கையைப் பாருங்க. மொழங்கை மட்டும் தனியாத் தெரியுது. புள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வருஷம்தானே? நான் லயத்தைப் பாத்துக்கிறேன். நீங்க புள்ளையைப் பாத்துக்கங்க."

பங்கு பிரித்த விதம் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவள் தன் பங்கை இன்றைக்கு வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தாயின் சம்மதக் கடிதம் இல்லாமல் பிள்ளைக்குப் பேப்பர் நகராது என்றார்கள். கூடலூரில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனோம். வக்கீலைப் பார்க்கவே இல்லை. வெளியே டைப்படிக்கிற மலையாளத்து ஆள்தான் எல்லாம். எங்கள் விவரத்தைக் கேட்டுவிட்டு, ஒரு கட்டிலிருந்து பழைய பேப்பர் ஒன்றை உருவினார்.

"போன வாரம் ஒரு சேச்சிக்கு அடிச்ச அதே மேட்டர். பேரை மாத்தினா மதி," என்றார்.

மதி என்றால் போதும். எனக்கும் அதுவே போதுமாக இருந்தது. அந்தச் சேச்சிக்கு என்ன கதை, அவள் புருஷனோடு சேர்ந்து இருந்தவளா பிரிந்து போனவளா என்று கேட்கத் தோன்றவில்லை. எஸ்டேட்டில் எத்தனையோ பேப்பர் நீட்டியிருக்கிறார்கள். என்ன ஏது என்று கேட்டவன் யார்? கேட்டால் பின்னால் வரிசையில் நிற்கிறவனே திட்டுவான்.

ரெண்டு பக்கம் இங்கிலீஷ். "சேட்டா, இவிட ஒரு ஒப்பு," என்று கீழே ஒரு இடத்தைக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். பாக்கியத்தின் பக்கம் மைப்பெட்டியைத் தள்ளினார்.

பாக்கியம் கையை நீட்டவில்லை. "என்னாங்க எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலு எழுத்து. டைப்படித்தவரைக் கேட்டிருக்கலாம், அவராவது பாதி மலையாளத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். பையில் பாஸ்போர்ட் இருந்தது. வெளிநாடு போகிறவன் பெண்டாட்டி முன்னால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்வானா? பேப்பரை வாங்கினேன். தாசில்தார் மாதிரித் தொண்டையைக் கனைத்தேன்.

"ஒண்ணாவது, தகப்பனாகிய பாலு மேற்படி சிறுமிக்குத் தினம் ஒரு முட்டை குடுக்க வேண்டியது. ரெண்டாவது, மேற்படி சிறுமி தலைமுடியை வெட்டாம, எண்ணெய் வச்சு ரெட்டைச் சடை பின்ன வேண்டியது. மூணாவது, ரெண்டு வருஷம் முடிஞ்ச மறுநாள் மேற்படி சிறுமியைக் கூட்டியாந்து தாயார் கையில ஒப்படைக்க வேண்டியது. நாலாவது, இதுல எதையாவது செய்யத் தவறினா, மேற்படி பாலுவை ரோலர்ல விட்டு அரைச்சு டஸ்ட் டீயா வித்துப்புட வேண்டியது."

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"முட்டை நெசமா எழுதியிருக்கா?"

"இந்தா பாரு," என்று நடுவில் ஒரு வரியைக் காட்டினேன். அவள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டு எல்லோரும் செய்கிற மாதிரி, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "வாங்க, பஸ்ஸு போயிரும்," என்றாள்.

3

ஒப்புக்கொண்டதில் முதலில் போனது முடி. இங்கே பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கும் முடியை ஒட்ட வெட்ட வேண்டும் என்பது சட்டம். சசி அழுதாள். நான், "ஷாம்பு மிச்சம்," என்றேன். பாக்கியத்துக்குப் போட்டோ அனுப்பும்போது பிள்ளை தலையில் ஒரு கம்பளிக் குல்லாவை மாட்டினேன். ஒவ்வொரு போட்டோவிலும் குல்லா. "அங்க அவ்வளவு குளிரா?" என்று பக்கத்து லயத்துப் பையனை விட்டு எழுதிக் கேட்டாள். ரொம்பக் குளிர் என்று எழுதினேன்.

முட்டை மட்டும் தவறவில்லை. எனக்குச் சமையல் வராது. கஞ்சி அடி பிடிக்கும், சப்பாத்தி எந்த நாட்டின் வரைபடம் என்று சசி கண்டுபிடித்து விளையாடுவாள். ஆனால் காலையில் ஒரு முட்டை அவித்து, உரித்து, உப்புத் தொட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேக்டரிக்குப் போவேன். காய்ச்சலிலும் கொடுத்தேன். வாந்தி எடுத்த நாளும் கொடுத்தேன். வேறு எதை ஒழுங்காகச் செய்கிறோம் என்று ஒரு கணக்குத்தான்.

ஆறே மாதத்தில் பிள்ளை இந்த ஊர்ப் பாஷையில் கனவு கண்டு உளறினாள். அம்மாவுக்கு எழுதச் சொன்னால் முதலில் ஒரு பக்கம் எழுதினாள், பிறகு நாலு வரி, பிறகு பூ ஒன்று வரைந்து கையெழுத்து. கடையில் நான் இந்த ஊர்ப் பாஷை பேசினால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, பேசாதீங்க, காட்டுங்க," என்பாள். நான் தக்காளியைத் தொட்டுக் காட்டுவேன். அவள் பேசுவாள்.

ரெண்டு வருஷம் முடிந்தபோது ஊரில் விலை ஏறவில்லை. எங்கள் பேக்டரிக்கு முழுப் பூட்டு விழுந்திருந்தது. இங்கே என்னை இருக்கச் சொன்னார்கள். இதில் இன்னொரு விசேஷம் உண்டு. நான் பல் வெட்டிக் கொடுத்த ரோலர் அரைத்த தூள்தான், ஏலத்துக்குப் போன இடத்திலெல்லாம் நம் மலைத் தூளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் யாரால் கெட்டோம் என்று தேடினால் ரொம்ப தூரம் போக வேண்டாம்.

லயம் போனால் போகட்டும், பாக்கியத்தை இங்கே கூப்பிட்டுக்கொள்வோம் என்று மனுக் கொடுத்தேன். டீ மேக்கர் கூட வந்தார். ஆபீசில் இருந்தவர் என் பைலைப் புரட்டி, அந்த ரெண்டு பக்க இங்கிலீஷை எடுத்து மேசையில் வைத்தார்.

"உங்கள் மனைவி என்று யாரைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். டீ மேக்கர் எனக்குத் தமிழில் சொன்னபோது அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை. பாக்கியம் சொல்வதாகப் பேப்பரில் இருந்தது இது: நான் கணவரைப் பிரிந்து வாழ்கிறேன், அவரோடு இனி எனக்குச் சம்பந்தமில்லை, இந்தப் பிள்ளை மேல் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம், பிள்ளை நிரந்தரமாக வெளிநாட்டில் இருக்கச் சம்மதம். கூடலூரில் யாரோ ஒரு சேச்சியின் கதை. கீழே பாக்கியத்தின் ரேகை.

"சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். அது பொய்யா, இப்போது நீங்கள் சொல்வது பொய்யா?" என்றார் ஆபீசர். வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை. மனுவைத் தள்ளிவிட்டார்கள். தள்ளிய காரணம் பாக்கியத்துக்கும் தபாலில் போயிற்று. எஸ்டேட் கிளார்க் அதை அவளுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறார். முறையாகப் படித்து, அவளுக்குப் புரிகிற மாதிரி.

மூன்றாவது வருஷம் ஊருக்குப் போனேன். தலையில் கொழுந்துப் பையோடு பாக்கியம் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"புள்ளை எங்க?"

"டிக்கெட் ஒண்ணுதான் குடுத்தாங்க, அதனால..."

"புள்ளை எங்கன்னு கேட்டேன்."

"பாக்கியம், அந்தப் பேப்பர்ல டைப்படிச்ச ஆளு தப்பா..."

"நீங்கதானே படிச்சீங்க?" என்றாள். "முட்டைன்னீங்க. வாய் நெறையச் சொன்னீங்களே, சடை பின்னணும்னு எழுதியிருக்குன்னு."

"எனக்கு என்ன இங்கிலீஷா தெரியும்? சும்மா வேடிக்கைக்குத்தான்..."

"வேடிக்கைக்கா எங்கிட்டக் கைநாட்டு வாங்குனீங்க?"

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சத்தியம் பண்ணினேன். முப்பது வருஷமாக ஒரு வார்த்தை உருப்படியாகப் பேசாதவன் சத்தியம் பண்ணினால் யார் நம்புவார்கள்? லயத்தில் நின்று வேடிக்கை பார்த்த நாலு பேர், வழக்கம் போல நான் ஏதோ நடித்துக் காட்டுகிறேன் என்று சிரிக்கக்கூடச் செய்தார்கள். பாக்கியம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மழையில் அந்த வாசலில் ரெண்டு நாள் போய் நின்றேன். அந்தக் கதவு யானைக்குத் திறந்தாலும் எனக்குத் திறக்காது என்று தெரிந்ததும் பஸ் ஏறினேன்.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். டிக்கெட் ஒன்று அல்ல. டீ மேக்கர் கம்பெனியில் சொல்லி ரெண்டு வாங்கி வைத்திருந்தார். பிள்ளையைக் கூட்டிப் போனால் பாக்கியம் திருப்பித் தரமாட்டாள், நான் அந்த வீட்டில் தனியாக யாருக்கு முட்டை அவிப்பது என்று பயந்து, சசியை டீ மேக்கர் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

4

சசிக்குப் பதின்மூன்று வயதில், வீட்டில் நான் வைத்திருந்த அந்தப் பேப்பரின் நகல் அகப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஏதோ சான்றிதழ் தேடினாள். நான் வேலை முடிந்து வந்தபோது முதல் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா என்னை வேணாம்னு எழுதியிருக்காங்க."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "உங்கம்மாவுக்கு இவ்வளவு இங்கிலீஷ் வருமா?" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அதோடு கடுதாசியில் பூ வரைவதும் நின்றது.

நான் சொல்லவில்லை. ஒரு தரம் சொல்லாமல் விட்டேன் என்றால் பரவாயில்லை. தினம் காலையில் முட்டையை உரித்துக்கொண்டே சொல்லாமல் விட்டேன். சொன்னால் இருக்கிற ஒரே ஆளும் என்னை விட்டுப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் வெறுப்பது எங்கேயோ மலையில் இருக்கிற ஒருத்தியை. அவள் காதில் விழப்போவதில்லை. இப்படி ஒரு கணக்கு. நாலாங்கிளாஸ் கணக்கு.

5

வக்கீல் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சசி சொன்னாள்: "அந்தப் பேப்பர் எங்க?"

என் டூல்ஸ் பெட்டியில், பல் வெட்டுகிற கட்டர்களுக்கு அடியில் இருந்தது. எண்ணெய்க் கறையோடு எடுத்து வந்தேன். பதின்மூன்று வயதில் அவள் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தாள். இப்போது ரெண்டாவது பக்கத்தின் கடைசி வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். திரும்பப் படித்தாள்.

"இது என்னன்னு தெரியுமா அப்பா?"

"என் கையெழுத்து," என்றேன்.

"அதுக்கு மேல." அவளுக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மேல எழுதின எல்லாம் அவங்களுக்குத் தமிழ்ல படிச்சு, விளக்கிச் சொல்லி, அவங்க புரிஞ்சுக்கிட்டு ரேகை வச்சாங்க. படிச்சுக் காட்டினவர், கணவர். அதுக்குக் கீழதான் உங்க கையெழுத்து."

இத்தனை வருஷமாக நான் புருஷன் என்பதற்காக அங்கே கையெழுத்து வாங்கினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு டைப்படித்தவருடையது என்று மனசுக்குள் அந்த மனிதரைத் தினம் ஒரு தரம் ரோலரில் போட்டு அரைத்திருக்கிறேன். படித்துக் காட்டியதாகச் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

"என்ன படிச்சுக் காட்டினீங்க?" என்றாள்.

சொன்னேன். ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது, நாலாவது. பிறகு கதவு சாத்தியதையும், ரெண்டு டிக்கெட் இருந்ததையும் சொன்னேன். டஸ்ட் டீ என்று சொன்னபோது என் கை பழக்கதோஷத்தில் ரோலர் மாதிரிச் சுற்றிவிட்டது. தமிழ் தெரியாத டேனியல், மாமனார் ஏதோ வேடிக்கை சொல்கிறார் என்று சிரித்தார். ஜோயலும் சிரித்தான். சசி அவர்கள் ரெண்டு பேரையும் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

"நான் இத்தனை வருஷம் அவங்களைத் திட்டிட்டு இருந்தேன்," என்றாள். "தப்பான ஆளைத் திட்டியிருக்கேன்."

"நானும் கூட வரட்டுமா?"

"வேணாம்."

பேப்பரைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் முட்டையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஜோயல் வாங்கிச் சாப்பிட்டான்.

6

பயிற்சி முடிந்த மறுநாள் சசி மகனோடு மலை ஏறியிருக்கிறாள். ரெண்டு நாள் கழித்துப் போன் வந்தது. ஊரில் சிக்னல் இன்னும் என் மாதிரிதான், பாதி உண்மை பாதி இரைச்சல்.

"போனீங்களா? உள்ள விட்டாளா?" என்று கேட்டேன்.

"விட்டாங்க. முதல்ல அடையாளம் தெரியல. நர்ஸம்மா, ஊசி போட வந்தீங்களான்னு கேட்டாங்க."

அதற்கு மேல் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். சசி அழுதாளா என்று தெரியவில்லை.

"பேப்பரைப் படிச்சுக் காட்டினேன்பா. ஒவ்வொரு வரியா. என் தமிழ்ல ரொம்ப நேரம் ஆச்சு. ரெண்டு தரம் படிக்கச் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"ஜோயல் பேப்பரையும் படிக்கச் சொன்னாங்க. அதுல திரும்புற தேதி இருக்குன்னதும், எந்த இடத்துலன்னு கேட்டு விரல் வச்சுப் பாத்தாங்க. 'இவன் பேப்பர்ல தேதி போட்டிருக்கு. உன் பேப்பர்ல தேதியே இல்லையே'ன்னாங்க."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்புறம் என் தலையைத் தடவினாங்க. எப்ப வெட்டுனதுன்னு கேட்டாங்க. கென்யா போன மொத வாரத்திலயேன்னு சொன்னேன். 'அப்ப குல்லா?'ன்னாங்க. குல்லாக்கு உள்ளயும் இல்லைன்னேன்."

"முட்டையைக் கேட்டாளா?"

"கேட்டாங்க. 'தினம் குடுத்தாரா?'ன்னு. குடுத்தாருன்னு சொன்னேன். கல்யாணத்தன்னைக்குக் காலையிலகூட உரிச்சுக் கொண்டுவந்தாருன்னு சொன்னேன். அதுக்கு அவங்க விரலை மடக்கி எண்ணினாங்க." சசி நிறுத்தினாள். "மூணுல ஒண்ணு. அப்படின்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

"போனை அவகிட்டக் குடேன். ஒரு வார்த்தை."

கொஞ்ச தூரத்தில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பாக்கியத்தின் குரல் மாதிரி ஒன்று கேட்டது. ஜோயலிடம் எதையோ சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தது. அவனுக்குப் புரியாத பாஷை, ஆனாலும் அவன் ஏதோ பதில் சொன்னான்.

"பேசமாட்டாங்களாம்," என்றாள் சசி. "ஏலாதாம். ஆனா ஒண்ணு கேக்கச் சொல்றாங்க."

"என்ன?"

"நாலாவது ஒண்ணு இருந்துச்சாமே. அது எப்பன்னு கேக்குறாங்க."

நான் சிரித்தேன். என் வேடிக்கையை இத்தனை வருஷம் வார்த்தை மாறாமல் வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். சிரித்துவிட்டு, அந்தப் பக்கம் யாராவது சிரிக்கிறார்களா என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.